மலைச்சாலையில் ஓடும் பைக்குகளின் ஹேண்டில் பேரிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேனி மாவட்டத்தின் போடி, கம்பம், கூடலூர்ப் பகுதிகளிலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி மலைப்பாதைகள் வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் நாள்தோறும் பைக்கில் போய்வருவோர் பலர். இறக்கம் முழுவதும் முன் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பதாலும், ஜூன் முதல் செப்டம்பர் வரை நீளும் தென்மேற்குப் பருவமழையில் தொடர்ந்து நனைவதாலும், இவ்வண்டிகளின் ஹேண்டில் பேரிங் சமவெளியில் ஓடும் வண்டிகளில் இருப்பதைவிட விரைவாகத் தளர்கிறது, தேய்கிறது. அதை எப்படிச் சோதிப்பது, எப்படிச் சரியான அளவில் இறுக்குவது, எந்த நிலையில் மாற்றியே ஆகவேண்டும் என்று வண்டி வைத்திருப்போர் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

ஹேண்டில் பேரிங் எங்கே இருக்கிறது? அதன் வேலை என்ன?

பெட்ரோல் டேங்குக்கு முன்னால், ஃபிரேமின் தலைப்பகுதியில் சற்றே சாய்ந்து நிற்கும் குழாய் ஒன்று உண்டு. முன் ஃபோர்க்கின் இரு கால்களையும் பிடித்திருக்கும் கீழ் கிளாம்பிலிருந்து ஒரு தண்டு அந்தக் குழாய்க்குள் ஏறி, மேலே வந்து, மேல் கிளாம்புடன் நட்டால் பூட்டப்படுகிறது. கீழ் கிளாம்பையும் தண்டையும் சேர்த்து ஒர்க்‌ஷாப்களில் ‘டி’ என்பார்கள். குழாயின் மேல் வாயில் ஒரு பேரிங்கும் கீழ் வாயில் ஒரு பேரிங்கும் இருக்கின்றன. உதிரிபாகக் கடையில் இந்த இரண்டையும் சேர்த்துக் ‘கோன் செட்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். மலையின் அந்தப் பக்கத்திலும் அதே பெயர்தான்.

பெரும்பாலான நூறு, நூற்றைம்பது சிசி வண்டிகளில், கிண்ணம் போன்ற ஒரு வளையத்துக்கும் கூம்பு போன்ற ஒரு வளையத்துக்கும் நடுவே எஃகுக் குண்டுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். சில வண்டிகளில் குண்டுகள் ஒரு கூட்டுக்குள் கோக்கப்பட்டிருக்கும். சில பெரிய வண்டிகளில் குண்டுகளுக்குப் பதிலாகச் சாய்வான உருளைகள் கொண்ட டேப்பர் பேரிங் இருக்கும். எந்த வகையாக இருந்தாலும் அதன் கடமை ஒன்றே: முன் சக்கரம் வாங்கும் அத்தனை அடியையும் ஃபிரேமுக்குக் கடத்திக்கொண்டே, ஹேண்டிலை எவ்விதத் தடையும் இல்லாமல் திரும்ப விடவேண்டும்.

இந்தப் பேரிங் மற்ற பேரிங்குகளைப் போல முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. வண்டி ஓடும் நேரத்தின் பெரும்பகுதியில் அது நேர்நிலைக்கு இரு பக்கமும் மிகச் சிறிய கோணத்துக்குள்தான் அசைகிறது. ஆகவே ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் அதே சில புள்ளிகளிலேயே விழுகிறது. அங்கிருந்து பிதுங்கிப்போன கிரீஸ் மறுபடி அந்த இடத்துக்கு வருவதுமில்லை. பின்னால் சொல்லப்போகும் பல தொல்லைகளுக்கு இதுவே மூலம்.

பேரிங் தளர்ந்திருக்கிறது என்பதை ஓட்டும்போதே எப்படித் தெரிந்துகொள்வது?

முன் பிரேக்கைப் பிடித்தவுடன் ஹேண்டிலின் அடியில் ‘டக்’ என்று ஓர் ஒலியும், உள்ளங்கைக்கு ஒரு சிறு தட்டலும் வரும். பிரேக் பிடிக்கும்போது சாலை சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. ஃபோர்க் ஒரு நெம்புகோலாக மாறிக் கீழ்ப் பேரிங்கைப் பின்பக்கமும் மேல் பேரிங்கை முன்பக்கமும் அழுத்துகிறது. பேரிங்கில் இடைவெளி இருந்தால் அந்த இடைவெளி முழுவதையும் தண்டு ஒரே நொடியில் கடந்து மோதும். போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கைப் பிடித்தும் விட்டும் இறங்குகிற ஒருவருக்கு இந்தத் தட்டல் நூற்றுக்கணக்கான முறை நிகழ்கிறது என்பதால், தளர்ந்த பேரிங்கோடு ஓட்டும் ஒவ்வொரு இறக்கமும் அதை மேலும் அடித்துக் கெடுக்கிறது.

இன்னொரு அறிகுறி, ஆக்சிலரேட்டரை விட்டு வண்டி வேகம் குறையும்போது, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஹேண்டில் இடமும் வலமுமாகத் துடிப்பது. கைகளை இறுக்கிப் பிடித்தால் இது மறைந்துவிடும். அதனாலேயே பலர் இதைக் கவனிப்பதில்லை. ஆனால் சோதிப்பதற்காகக் கைகளை விட்டுவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டாம். நிறுத்தி வைத்துச் சோதிப்பதே போதுமானது.

அதிகமாக இறுகியிருந்தால் என்ன ஆகும்? இறுக்கம் பாதுகாப்புதானே?

இல்லை. தளர்ந்த பேரிங் ஒலியெழுப்பியாவது உங்களை எச்சரிக்கும். இறுகிய பேரிங் எந்த ஒலியும் எழுப்பாது. இரு சக்கர வண்டி தன்னைத்தானே நேராக வைத்துக்கொள்வதற்கு, முன் சக்கரம் நொடிக்கு நொடி சிறு சிறு திருத்தங்களைச் செய்தபடி இருக்கவேண்டும். ஹேண்டில் இறுகிக் கிடந்தால் அந்தத் திருத்தங்கள் தாமதமாக வரும். மெதுவாகப் போகும்போது வண்டி பாம்புபோல் நெளியும். ஓட்டுபவர் தேவைக்கு மேல் திருப்புவார், பிறகு அதைச் சரிக்கட்டத் தேவைக்கு மேல் எதிர்ப்பக்கம் திருப்புவார். குமுளி ஏற்றத்தில், லாரிக்கும் ஓரத்துச் சுவருக்கும் நடுவே முதல் கியரில் ஊர்ந்து வளைகிற ஒருவருக்கு இது உண்மையான ஆபத்து. என் கருத்தில், சிறிது தளர்ந்த ஹேண்டிலைவிடச் சிறிது இறுகிய ஹேண்டில் மலைச்சாலைக்குக் கூடுதலாகத் தீங்கானது. இரண்டும் வேண்டாம் என்பதே சரி. ஆனால் ‘இறுக்கிவிட்டேன், இனிக் கவலையில்லை’ என்ற எண்ணம் முற்றிலும் தவறு.

மேலும், மிகையாக இறுக்கும்போது குண்டுகள் தாம் ஓடும் தடத்தில் (கிண்ணம், கூம்பு ஆகியவற்றின் பரப்பில்) அழுந்தி, புதிய கோன் செட்டிலும் சில வாரங்களில் பள்ளம் விழுந்துவிடும்.

வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

முடியும், கருவி எதுவும் தேவையில்லை, இன்னொருவர் துணை இருந்தால் நல்லது. சமதரையில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின் சீட்டின் கடைசியை ஒருவர் அழுத்திப் பிடித்தால் முன் சக்கரம் தரையிலிருந்து எழும்பும். தனியாகச் செய்வதானால் இன்ஜினுக்கு அடியில் ஒரு மரக்கட்டையும் ஜாக்கியும் வைத்து உயர்த்தலாம். சைலன்சர் குழாயிலோ ஆயில் ஃபில்டர் மூடியிலோ பாரம் விழக்கூடாது.

முதலில் ஆட்டத்தைப் பாருங்கள். முன் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்து, ஃபோர்க்கின் இரு கால்களையும் ஆக்சிலுக்கு அருகில் பிடித்து, உங்களை நோக்கி இழுத்தும் தள்ளியும் பாருங்கள். இன்னொருவர் கீழ் கிளாம்பும் ஃபிரேம் குழாயும் சந்திக்கும் விளிம்பில் ஒரு விரலை வைத்திருக்கட்டும். பேரிங் தளர்ந்திருந்தால் அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று நகர்வது விரல் நுனிக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலுக்குத் தப்பாது.

அடுத்து ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒரே விரலால் மிக மெதுவாகத் திருப்புங்கள். பாதை முழுவதும் ஒரே சீராக இருக்கவேண்டும். மணல் நெருநெருப்பது போல இருந்தால் கிரீஸில் அழுக்கும் துருவும் சேர்ந்திருக்கின்றன. நேர்நிலைக்கு வரும்போது ‘தொபுக்’ என்று ஒரு குழிக்குள் விழுந்து நின்றால் தடத்தில் பள்ளம் விழுந்துவிட்டது.

கடைசியாக, ஹேண்டிலை நேராக வைத்து, ஒரு பக்கம் இலேசாகத் தட்டிவிடுங்கள். அது தன் பாரத்தாலேயே கோடி வரை போய் விழவேண்டும்; மறுபக்கமும் அப்படியே. பாதியில் நின்றுவிட்டால் பேரிங் இறுகியிருக்கலாம். ஆனால் உடனே அப்படி முடிவு கட்டவேண்டாம். கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், டிஸ்க் பிரேக் ஹோஸ், வயரிங் ஆகியவையும் ஹேண்டிலை இழுத்துப் பிடிக்கும். பின்னாளில் பொருத்திய செல்போன் சார்ஜர் வயரோ கூடுதல் விளக்கின் வயரோ டேங்குக்கும் ஃபிரேமுக்கும் இடையில் மாட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலைத் திருப்பும்போது அதன் ஓசை தானாகக் கூடினால், ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

‘டக்’ என்ற ஒலி வந்தாலே ஹேண்டில் பேரிங்தானா?

அப்படிச் சொல்ல முடியாது. ஃபோர்க்கின் உள் புஷ் (குழாய்களுக்கு நடுவே உராய்வைத் தாங்கும் வளையம்) தேய்ந்திருந்தாலும் முன்னும் பின்னும் ஆட்டம் தெரியும். அப்போது அசைவு ஃபோர்க்கின் வெளிக் குழாய்க்கும் உள் குழாய்க்கும் இடையில் இருக்குமே தவிர, ஃபிரேம் விளிம்பில் வைத்த விரலுக்குத் தெரியாது. சக்கர பேரிங் தேய்ந்திருந்தால், டயரை இடவலமாகப் பிடித்து ஆட்டும்போது சக்கரம் மட்டும் அசையும். டிஸ்க் பிரேக் வண்டிகளில் பிரேக் பேட் தன் இடத்தில் சிறிது ஆடித் தட்டும் ஒலி எழலாம். ஆக்சில் நட், ஃபோர்க் கிளாம்ப் போல்ட், ஹேண்டில்பாரைப் பிடிக்கும் கிளாம்ப் ஆகியவை தளர்ந்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிட வேண்டும். இவை காரணமல்ல என்று உறுதிசெய்துவிட்டுப் பேரிங்கில் கைவைப்பதுதான் முறை. இல்லையெனில் குற்றமற்ற பேரிங்கை இறுக்கிக் கெடுத்துவிட்டு, ஒலி மட்டும் அப்படியே இருக்கும்.

சரிசெய்ய என்னென்ன கருவிகள் வேண்டும்?

உங்கள் வண்டியின் பல் வைத்த வட்ட நட்டுக்குப் பொருந்தும் சி ஸ்பேனர் ஒன்று, தண்டின் உச்சி நட்டுக்கு ஏற்ற பாக்ஸ் ஸ்பேனர் அல்லது ரிங் ஸ்பேனர், கிளாம்ப் போல்ட்டுகளுக்கான ஸ்பேனர் அல்லது ஆலன் கீ, முடிந்தால், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் ஒன்று. டேங்கின் மேல் போர்த்த ஒரு தடித்த போர்வை அவசியம், ஏனெனில் ஹேண்டில்பாரைக் கழற்றிப் பின்னால் சாய்க்கும்போது முதலில் கீறல் விழுவது டேங்கில்தான்.

படிப்படியாக எப்படிச் செய்வது?

முன் சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியை நிலையாக நிறுத்திக்கொண்டுதான் தொடங்கவேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போது வண்டியின் பாரம் பேரிங்கை அழுத்திக்கொண்டிருக்கும். அந்நிலையில் கைக்குக் கிடைக்கும் உணர்வு பொய்யானது.

டேங்கைப் போர்த்துங்கள். உச்சி நட்டை மறைத்தபடி ஹேண்டில்பார் இருந்தால், அதன் கிளாம்பைக் கழற்றி, கேபிள்கள் முறுக்கிக்கொள்ளாமல், பிரேக் ஆயில் டப்பா கவிழாமல் பின்னால் சாய்த்து வையுங்கள். பிறகு உச்சி நட்டைத் தளர்த்துங்கள். கழற்றி எடுக்கத் தேவையில்லை.

அடுத்து வருவதைத்தான் அவசர வேலையில் விட்டுவிடுகிறார்கள். ஃபோர்க்கின் கால்கள் மேல் கிளாம்பிலும் கீழ் கிளாம்பிலும் ஒரே நேரத்தில் இறுகப் பிடிக்கப்பட்டிருப்பதால், இரண்டு கிளாம்புகளுக்கும் இடையிலுள்ள தூரம் மாற இயலாது. அந்தத் தூரம் மாறாமல் பேரிங்கின் இறுக்கமும் மாறாது. மாறுவதுபோல் தோன்றினாலும் அது கிளாம்பையும் தண்டையும் வளைத்துப் பெற்ற மாற்றமாகவே இருக்கும். எனவே ஒரு பக்கத்துக் கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தியே ஆகவேண்டும். மேல் கிளாம்பில் பக்கவாட்டுப் போல்ட்டுகள் உள்ள வண்டிகளில் அவற்றைத் தளர்த்தலாம். மேலே மூடி போல்ட்டால் நேரடியாக ஃபோர்க் பூட்டப்பட்டிருக்கும் சிறிய வண்டிகளில் கீழ் கிளாம்பின் போல்ட்டுகளைத் தளர்த்துவது எளிது. இரண்டையும் ஒன்றாகத் தளர்த்திவிட்டால் ஃபோர்க் கால் வழுக்கி இறங்கிவிடும்; அதைத் தவிர்க்க வேண்டும்.

இப்போது மேல் கிளாம்புக்கு அடியில் இருக்கும் பல் வைத்த நட்டுக்கு வருவோம். சில வண்டிகளில் அதற்குமேல் பூட்டு நட் ஒன்றும், இரண்டுக்கும் நடுவே ஒரு வாஷரும் இருக்கும். அவை இருந்தால் மேல் நட்டை முதலில் விலக்குங்கள். சி ஸ்பேனரால் அடி நட்டை மிதமாக இறுக்கி, ஹேண்டிலைக் கோடிக்குக் கோடி பலமுறை திருப்புங்கள். குண்டுகள் தம் தடத்தில் ஒழுங்காக அமர்வதற்காக இது. பிறகு நட்டை முழுவதும் தளர்த்தி, ஆட்டம் மறையும் புள்ளி வரை மறுபடி மெதுவாக இறுக்குங்கள். அந்தப் புள்ளியை அடைந்த பின் நட்டின் அசைவு மிகச் சிறியதாக இருக்கவேண்டும்: ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கே பெரிய மாற்றம். முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் இல்லை, தட்டிவிட்டால் ஹேண்டில் தானே விழுகிறது என்ற இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கும் இடமே சரியான இடம்.

இங்கே வேலை முடியவில்லை. உச்சி நட்டை இறுக்கும்போது மேல் கிளாம்ப் கீழே அமுங்கி, அடி நட்டின் மரைகளில் இருக்கும் நுண்ணிய இடைவெளியை மூடி, அந்த நட்டை இம்மியளவு இறக்கிவிடும். ஆகவே சற்றுமுன் சரியாக இருந்த ஹேண்டில் இப்போது இறுகியிருக்கும். உச்சி நட்டை உரிய அளவுக்கு இறுக்கி, கிளாம்ப் போல்ட்டுகளையும் இறுக்கிய பிறகு, மூன்று சோதனைகளையும் முதலிலிருந்து செய்யுங்கள். இறுகியிருந்தால் எல்லாவற்றையும் மறுபடி தளர்த்தி, அடி நட்டை ஒரு மயிரிழை பின்வாங்கித் தொடங்க வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்ய நேர்வது இயல்பே. இந்தப் பொறுமைதான் நல்ல வேலைக்கும் ஒப்புக்குச் செய்த வேலைக்கும் உள்ள வேறுபாடு.

ஹேண்டில்பாரை முன்பிருந்த கோணத்திலேயே பொருத்தி, கேபிள்களின் பாதையைச் சரிபார்த்து, பிரேக்கும் கிளட்சும் இயங்குவதை உறுதி செய்யுங்கள். ஹேண்டில் லாக் இரு நிலைகளிலும் தடையின்றிப் பூட்டித் திறக்கிறதா என்பதையும் பாருங்கள். முதல் ஓட்டத்தை மலையில் வைத்துக்கொள்ளாமல், வாகனம் குறைந்த சமதரைச் சாலையில் மெதுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நியூட்டன் மீட்டர் என்று ஓர் எண் சொல்லக்கூடாதா?

நட்டை எவ்வளவு இறுக்கவேண்டும் என்பதை நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள்; ஆனால் எல்லா வண்டிக்கும் பொதுவான எண் கிடையாது. அடி நட்டுக்கு உரிய அளவு மிகக் குறைவானது; உச்சி நட்டுக்கு உரியது அதைப்போலப் பல மடங்கு. சில நிறுவனங்கள் முதலில் கூடுதல் அளவுக்கு இறுக்கி, தளர்த்தி, பிறகு குறைந்த அளவுக்கு இறுக்குமாறு இரண்டு எண்களைத் தருகின்றன. உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். வேறொரு வண்டியின் எண்ணை இதற்குப் பொருத்த வேண்டாம்.

இன்னொரு நல்ல முறையும் உண்டு. ஃபோர்க் காலில் ஒரு ஸ்பிரிங் தராசைக் கொக்கியிட்டு, தண்டுக்குச் செங்குத்தாக இழுத்து, ஹேண்டில் அசையத் தொடங்கும்போது தராசு காட்டும் எடையைப் பார்ப்பது. சில வண்டிகளின் கையேடுகள் இந்த எடையையே அளவாகக் கொடுக்கின்றன. கேபிள்களைக் கழற்றிவிட்டோ, அவை இழுக்காதபடி வைத்தோ அளக்க வேண்டும்.

மெக்கானிக் உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டியே இறுக்குகிறார். அது சரியா?

சரியன்று. உளி நட்டின் பற்களைச் சிதைக்கும். அடுத்த முறை சி ஸ்பேனர் பிடிக்க இடமிருக்காது. அதைவிடப் பெரிய குறை, தட்டி இறுக்கும்போது எவ்வளவு இறுகியது என்பது கைக்குத் தெரிவதில்லை. அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் தட்டியே சரியான இடத்தை எட்டிவிடக்கூடும். ஆனால் பேரிங்கின் ஆயுளை அந்த வாய்ப்பிடம் ஒப்படைக்கத் தேவையில்லை. சி ஸ்பேனர் விலையுயர்ந்த கருவியன்று. கடையில் இல்லையென்றால் நீங்களே ஒன்று வாங்கி வண்டியோடு வைத்துக்கொள்ளலாம்.

பேச்சு முகம் முறியாமல் இருக்கவேண்டும் என்றால், வேலையில் குறை சொல்லாமல் சோதனையைக் கேளுங்கள். “அண்ணே, பூட்டுனதும் முன் வீலைத் தூக்கி ஒருதடவை ஹேண்டிலைத் தட்டிப் பாத்துரலாமா?” என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை. கட்டப்பனையிலோ நெடுங்கண்டத்திலோ இருந்தால் ‘அண்ணே’ என்ற இடத்தில் ‘சேட்டா’ வரும். கேட்கும் பொருள் மாறாது. அந்தச் சோதனை கண்முன் நடந்த பிறகே பணம் கொடுப்பது நல்ல வழக்கம்.

நடுவில் குழி விழுந்துவிட்டது. இறுக்கினால் போகுமா?

போகாது. குழி என்பது எஃகுத் தடத்தில் குண்டு அமர்ந்து அமர்ந்து உண்டாக்கிய தேய்மானம். நட்டைத் திருப்பி அதை நீக்க முடியாது. குழியில் ஆட்டம் மறையும் அளவுக்கு இறுக்கினால், குழியில்லாத இரு பக்கங்களிலும் ஹேண்டில் இறுகிவிடும். பக்கங்கள் சரியாக இருக்கும்படி வைத்தால் நடுவில் ஆட்டம் மிஞ்சும். கிண்ணத்தைச் சற்றுத் திருப்பிப் பொருத்தி, குழிகள் வேறு இடத்துக்குப் போகும்படி செய்து ஓட்டுவதுண்டு. ஊர் போய்ச் சேரும் வரைக்கும் அது ஒரு வழியாகலாம். மலையில் நாள்தோறும் ஓடும் வண்டிக்கு அது தீர்வாகாது. சிறிய வண்டிகளுக்குக் கோன் செட்டின் விலை சில நூறு ரூபாய்தான். செலவு பெரும்பாலும் கூலியில் இருக்கிறது, ஆகவே தரமான செட்டையே வாங்குங்கள்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை எவை?

மேல், கீழ் இரண்டையும் கிண்ணம், கூம்பு, குண்டு என்று முழு செட்டாக மாற்றவேண்டும். பழைய தடத்தில் புதிய குண்டைப் போட்டாலும், புதிய தடத்தில் பழைய குண்டைப் போட்டாலும் இரண்டுமே விரைவில் கெடும். உதிரிக் குண்டுகள் உள்ள வண்டியில், ‘டி’யை இறக்கும் முன்பு கீழே ஒரு துணியோ தாம்பாளமோ விரித்து வையுங்கள். மேலும் கீழும் எத்தனை குண்டுகள் இருந்தன என்று தனித்தனியே எண்ணிக் குறித்துக்கொண்டு, கையேட்டுடன் ஒப்பிடுங்கள். இரண்டு இடத்திலும் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை.

ஃபிரேமில் உள்ள பழைய கிண்ணங்களை, மறுவாயிலிருந்து நீண்ட கம்பியை விட்டு, இடம் மாற்றி மாற்றித் தட்டி நேராக வெளியேற்ற வேண்டும். ஒரே பக்கம் தட்டினால் சாய்ந்து ஃபிரேமின் வாயைக் கீறும். புதிய கிண்ணத்தைக் குண்டு ஓடும் தடத்தில் தட்டவே கூடாது. பழைய கிண்ணத்தைப் புதியதன்மேல் வைத்து விளிம்பில் தட்டி இறக்குவது எளிய வழி. அது முழுவதும் அமர்ந்ததும் சுத்தியலின் ஓசை மாறுவதைக் காது கேட்கும். முழுமையாக அமராத கிண்ணம், நீங்கள் எவ்வளவு பார்த்துச் சரிசெய்தாலும், முதல் சில பள்ளங்களிலேயே கீழிறங்கிப் பேரிங்கைத் தளர்த்திவிடும். ‘டி’யின் அடியில் இருக்கும் கூம்பையும் அதன் கீழுள்ள தூசித் தடுப்பையும் மறக்காமல் மாற்றுங்கள்.

புதிய செட் போட்ட வண்டியை 500 கி.மீ. அளவில் ஓட்டிய பிறகு ஒருமுறை சோதித்து, தேவையானால் திரும்பவும் சரிசெய்ய வேண்டும்.

எந்த கிரீஸ் நல்லது? வாட்டர் சர்வீஸ் செய்யலாமா?

நீரைத் தாங்கும் லித்தியம் காம்ப்ளக்ஸ் கிரீஸோ கால்சியம் வகைக் கிரீஸோ பொருத்தமானது. பழைய கிரீஸை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகே புதியதை இடவேண்டும். பழையதன்மேல் புதியதைப் பூசினால் அதிலிருக்கும் மண்ணும் கூடவே சுழலும். கிண்ணத்தை நிறைக்கும் அளவுக்குத் தாராளமாக இடுங்கள். உதிரிக் குண்டுகளைப் பொருத்தும்போது அவற்றைப் பிடித்து நிறுத்துவதும் அந்த கிரீஸ்தான்.

கீழ்ப் பேரிங்தான் முதலில் கெடுகிறது. அடியின் பெரும்பகுதியைத் தாங்குவதும், முன் சக்கரம் வாரி இறைக்கும் சேற்றுநீரை வாங்குவதும் அதுவே. வாட்டர் சர்வீஸில் அழுத்தத்தோடு வரும் நீரை ஹேண்டில் தலைப்பகுதியை நோக்கி அடித்தால், மழைநீர் புகாத இடத்துக்கும் அது புகுந்து கிரீஸை வெளியேற்றும். தோட்டச் செம்மண் அப்பிய வண்டியைக் கழுவாமல் இருக்க முடியாது. ஆனால் அந்த இடத்தைத் துணியும் வாளியும் கொண்டு கழுவிக்கொள்ளலாம்.

டேப்பர் பேரிங்குக்கு மாறுவது பயனுள்ளதா?

குண்டு தடத்தைப் புள்ளியாகத் தொடுகிறது. உருளை கோடாகத் தொடுகிறது. பாரம் பரவுவதால் டேப்பர் பேரிங்கில் குழி விழுவது தாமதமாகும். பாரமான வண்டிக்கும் கரடுமுரடான தோட்டப் பாதைக்கும் அது நல்ல தேர்வு. ஆனால் உங்கள் மாடலுக்கென்றே அளவெடுத்துச் செய்யப்பட்டதாக இருக்கவேண்டும். உயரம் சிறிது மாறினாலும் நட் பிடிக்கும் மரையின் நீளமும் ஹேண்டில் லாக்கும் பாதிக்கப்படும். தவறாக இறுக்கினால் குண்டு வகையைவிட அதிகமாக ஹேண்டிலைக் கனக்கச் செய்யும். தினசரி வேலைக்குப் போய்வரும் நூறு சிசி வண்டிக்கு, நல்ல கோன் செட்டும் நல்ல கிரீஸும் போதும் என்பதே என் பரிந்துரை.

பின்னால் ஏல மூட்டை கட்டினால் மட்டும் ஹேண்டில் ஆடுகிறது. பேரிங்கா காரணம்?

பேரிங்கும் காரணமாகலாம்; ஆனால் மூட்டையே முதல் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். பின் ஆக்சிலுக்கும் பின்னால், உயரத்தில் பாரம் ஏற்றும்போது முன் சக்கரத்தின்மேல் உள்ள பாரம் குறைகிறது. ஹேண்டில் இலேசாகி, சிறு பள்ளமும் அதைத் துடிக்கவைக்கிறது. மூட்டையைச் சீட்டின்மேல் இயன்றவரை முன்னுக்கும் தாழ்வாகவும் கொண்டுவந்து, அசையாமல் கட்டுங்கள். டயரின் காற்றழுத்தம், டயரின் நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்திருக்கிறதா என்பது, ஸ்போக்குகளின் இறுக்கம், பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் ஆகியவற்றைப் பாருங்கள். இத்தனையும் சரியாக இருந்து, மூட்டையில்லாமலும் துடிப்பு வந்தால் பேரிங்கைச் சோதியுங்கள். துடிப்பை அடக்குவதற்காகப் பேரிங்கை மிகையாக இறுக்குவது நோயை மறைப்பதேயாகும்.

விழுந்து எழுந்த வண்டியில் ஒரு பக்கம் இறுகியும் மறுபக்கம் தளர்ந்தும் இருக்கிறது. சரிசெய்ய முடியுமா?

நட்டைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. ‘டி’யின் தண்டு வளைந்திருக்கலாம், அல்லது கிண்ணம் சாய்வாக அமர்ந்திருக்கலாம். ஃபோர்க்கையும் ‘டி’யையும் இறக்கி, தண்டு நேராக இருக்கிறதா என்று லேத் பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்த ‘டி’யை அடித்து நிமிர்த்திப் பயன்படுத்த வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஃபிரேமின் தலைப்பகுதியில் பெயிண்ட் சுருங்கியோ விரிசல் விட்டோ இருந்தால் அதையும் காட்டுங்கள்.

ஸ்கூட்டருக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல்லுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். அங்கும் மேலும் கீழும் பேரிங்குகள் உண்டு, சோதனைகளும் அவையே. ஸ்கூட்டரில் முன்பக்கப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால்தான் நட்டை எட்ட முடியும். மேல் கிளாம்ப் இல்லாத அமைப்பில் ஃபோர்க் போல்ட்டுகளைத் தளர்த்தும் வேலை இல்லை. சிறிய சக்கரம் பள்ளத்துக்குள் ஆழமாக இறங்குவதால் ஸ்கூட்டரின் பேரிங் வாங்கும் அடி கடுமையானது.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை பார்க்கவேண்டும்?

கையேட்டில் உள்ள கால அட்டவணை பொதுவான சாலைகளை எண்ணி எழுதப்பட்டது. மலையேறி இறங்கும் வண்டிக்கு ஒவ்வொரு சர்வீஸின்போதும் முன் சக்கரத்தைத் தூக்கிச் சோதிக்கச் சொல்லுங்கள். அதோடு, மே மாதக் கடைசியில் மழை தொடங்கும் முன்பு ஒருமுறையும், அக்டோபரில் ஒருமுறையும் நீங்களே பாருங்கள். அக்டோபர்ச் சோதனையில் நெருநெருப்புத் தெரிந்தால், ஆட்டம் இல்லையென்றாலும், கழற்றிக் கழுவிக் கிரீஸ் இட்டுவிடுவது நல்லது. துரு பிடித்த பிறகு பேரிங்கை மாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்காது. புது வண்டியென்றால் முதல் சர்வீஸில் இந்தச் சோதனையைக் கட்டாயமாகக் கேளுங்கள். குண்டுகள் தடத்தில் படிந்து முதல் தளர்வு தெரியவரும் காலம் அது.